ஏழாம் அத்தியாயத்தின் புதன்கிழமை

நவம்பர் 4, திங்கள்.

இன்றைய தவறு: ஏழாம் அத்தியாயத்தில் எஞ்சினியர் கிணற்றை மூடப் போகும் கிழமையை, அலுவலகப் பட்டியலில் இருப்பதுபோலவே, புதன் என்று விட்டுவிட்டேன். வியாழன் என்று மாற்றியிருக்க வேண்டும். மாற்றாமலே காரில் வஜ்தியிடம் கதையைச் சொல்லியும் விட்டேன். சிறிய தவறுதான்.

நாளைய வேலை: வகுப்புக்குப் போகும் முன் கிழமையை மாற்றுவது.

அய்ஹம் தன் நோட்டில் எல்லா நாளும் இப்படித்தான் எழுதுவான். ஸர்கா நகரின் கலாசார நிலையத்தில் செவ்வாய்தோறும் மாலை நாலரை மணிக்கு நாவல் வகுப்பு நடக்கும். வகுப்பெடுக்கும் ருலா முதல் நாளே ஒரு விதி போட்டிருந்தாள். தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும், முதல் வரியில் அன்றைய தவறு, கடைசி வரியில் மறுநாள் வேலை, நடுவில் என்ன வேண்டுமானாலும். பதினான்கு பேரில் ஒருநாளும் விடாமல் எழுதியவன் அய்ஹம் ஒருவன்தான். அதனால் தன்னால் நாவல் எழுதிவிட முடியும் என்ற நம்பிக்கை வந்ததா என்றால், இல்லை. கற்பனை வராதவன்தான் இப்படிக் கணக்காக எழுதுவானோ என்ற சந்தேகம்தான் வளர்ந்தது.

பகலில் அவன் அஸ்ரக்கில் கிணற்றுக் கண்காணிப்பு அலுவலகத்தில் எழுத்தர். பாலைவனத்தில் அனுமதி இல்லாமல் ஆழ்துளைக் கிணறு தோண்டி வயலுக்கு நீர் இறைப்பவர்கள் நிறையப் பேர். எஞ்சினியர் நிதால் ஆட்களோடு போய் பம்பைத் தூக்கிவிட்டுத் துளைக்குள் ஜல்லியும் கான்கிரீட்டும் கொட்டி மூடிவிட்டு வருவார். எந்தக் கிணறு, எந்த நாள், எந்தப் பாதை, எத்தனை பேர் என்ற வாரப் பட்டியலை ஞாயிற்றுக்கிழமை காலையில் தயாரிப்பது அய்ஹமின் வேலை. கணினியில் அடித்தால் வெளியே போய்விடுகிறது என்று இயக்குநர் அதைக் கையால் எழுதச் சொல்லியிருந்தார். மூன்றே பிரதி. ஒன்று அவருக்கு, ஒன்று நிதாலுக்கு, ஒன்று காவல் சாவடிக்கு.

நாவலும் அதைப் பற்றியதுதான். கிணறு மூடும் எஞ்சினியர் ஒருவர், அவரைக் கொல்லக் காத்திருக்கும் ஆட்கள். மேசைமுன் உட்கார்ந்தால் அய்ஹமுக்கு ஒரு வரி ஓடாது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் ஓடும். அஸ்ரக்கிலிருந்து ஸர்கா ஒரு மணி பத்து நிமிடம். லாரி எடைமேடை வரை ஒரு காட்சி, ஹல்லாபாத் திருப்பம் வரை இன்னொன்று என்று சாலையைப் பிரித்து வைத்திருந்தான். மேற்கு வெயில் கண்ணாடியில் நேராக அடிக்க, கதையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவான்.

கேட்க வஜ்தி இருந்தான். அதே அலுவலகத்தில் மீட்டர் பழுது பார்ப்பவன், அய்ஹமைவிட நாலு வயது மூத்தவன், ஊரும் ஸர்காதான். பக்கத்து இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கொறிப்பான். தோலைக் காகிதக் குவளையில் துப்புவான். பாதி குவளைக்கு வெளியேதான் விழும்.

அந்தத் திங்கட்கிழமையும் அப்படித்தான்.

“சொல்லு எழுத்தாளரே, உன் எஞ்சினியர் இன்னும் சாகலையா?”

“ஏழாவது அத்தியாயத்துலயேவா? இப்பத்தான் புதன்கிழமை பெரிய மாதுளைத் தோட்டத்துக் கிணத்த மூடப் போறாரு.”

“எத்தன பேரோட? படையோடயா?”

“டிரைவர், ஒரு காவலர், அவரு. மூணு பேர்.”

“எப்பவும் ரெண்டு காவலர் போவாங்களேடா. கதைன்னாலும் ஒரு நியாயம் வேணாமா?”

“இன்னொருத்தருக்குத் தங்கச்சி கல்யாணம். லீவு.”

வஜ்தி சிரித்தான். “பாரு, இதுதான் உன்கிட்ட எனக்குப் பிடிச்சது. தங்கச்சி கல்யாணம் வரைக்கும் யோசிக்கிற. என் பொண்டாட்டிகூட இவ்வளவு வெவரமா கதை சொல்ல மாட்டா.”

அய்ஹமுக்குக் காது சூடாகிவிட்டது. வகுப்பில் யாரும் அவனை இப்படிப் பாராட்டியதில்லை. அது யோசித்தது இல்லை, பட்டியலில் இருந்தது என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை.

புதன்கிழமை நிதால் மாதுளைத் தோட்டத்துக்குப் போனார். பம்ப் இல்லை, குழாய் இல்லை, துளைபோடும் வண்டியும் இல்லை. மண்ணில் சக்கரத் தடம் மட்டும் புதிதாக இருந்தது. கிணற்று வாயின் இரும்பு மூடிமேல் ஒரு தட்டு இருந்தது. தட்டில் மூன்று கண்ணாடி கிளாஸ், ஒவ்வொன்றிலும் தேநீர், ஈ விழாமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறு தட்டு கவிழ்த்திருந்தது.

வியாழக்கிழமை காலை இயக்குநர் கத்திய கத்தல் மீட்டர் பட்டறை வரை கேட்டது. இரண்டு மாதத்தில் இது மூன்றாவது முறை. நிதால் கத்தவில்லை. வயிற்றுப்புண்காரர். வழக்கமான அவித்த உருளைக்கிழங்கைக் கத்தியால் வெட்டிக்கொண்டே, “டீ சூடா இருந்துச்சு” என்றார். கொஞ்சம் கழித்து, “மூணே மூணு. நாலு இல்ல. அதத்தான் யோசிக்கிறேன்” என்றார்.

அய்ஹம் தன் மேசையில் பேனாவைத் திறந்து மூடித் திறந்தான்.

அன்று திரும்பும்போது அவன் கதை சொல்லவில்லை. எடைமேடை தாண்டியதும் வஜ்தியே ஆரம்பித்தான்.

“அந்த டீய நாவல்ல போடுடா. ருலா மேடம் எழுந்து நின்னு கை தட்டுவாங்க.”

“எனக்குப் பயமா இருக்கு வஜ்தி.”

“எதுக்கு? நீயா டீ போட்ட?” விதை ஒன்று பல்லில் உடைந்தது. “ஆனா ஒண்ணு. மூணு தடவ தப்பிச்சவன் நாலாவது தடவ தப்பிச்சா வாசகன் புத்தகத்த மூடிருவான். அபூ கரமப் போட்டுத் தள்ளிரு.”

அபூ கரம் என்றது நிதாலைத்தான். கரமின் அப்பா என்று பொருள். நாவலில் எஞ்சினியரின் பெயர் ஆதில்.

“ஆதில்” என்றான் அய்ஹம்.

“ஆமா ஆமா. ஆதில்.”

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் அய்ஹம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். சமையலறையில் அம்மா மக்லூபா சோற்றுச் சட்டியைத் தாம்பாளத்தில் கவிழ்த்து, அடியைத் தட்டி, வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் மூன்று மாத நாட்குறிப்பையும் விரித்துத் தாளில் கட்டம் போட்டான். இடப்பக்கம் காரில் எந்த நாளில் எந்தக் காட்சியைச் சொன்னான் என்பது. வலப்பக்கம் நிதால் வெறுங்கையோடு திரும்பிய நாட்கள்.

செப்டம்பர் 16 காரில் சொன்னது. 18 கிணறு காலி. அக்டோபர் 7 சொன்னது; 9 காலி. நவம்பர் 4 சொன்னது. 6 மூன்று கிளாஸ் தேநீர். இடையே வஜ்தி காய்ச்சலில் படுத்த வாரம் ஒன்று இருந்தது. அந்த வாரம் அய்ஹம் தனியாகவே பேசிக்கொண்டு ஓட்டினான். அந்த வாரம் நிதால் இரண்டு கிணறுகளை மூடினார்.

வஜ்தியுடைய மனைவியின் அண்ணன் தம்பிகளுக்குக் கிழக்கே வயல் இருந்தது. அது ஒன்றும் ரகசியம் இல்லை. அலுவலகத்தில் பாதிப் பேருக்கு அங்கே யாராவது சொந்தம் இருந்தார்கள். அய்ஹம் கட்டத்தை மறுபடி பார்த்தான். தற்செயலாக இருக்கலாம். தன் கதையை நம்பி நாலு பேர் வண்டி கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள் என்று நினைப்பது தற்பெருமையாகவும் இருக்கலாம். இரண்டையும் எழுதினான். எழுதிய பிறகும் கட்டம் அப்படியேதான் இருந்தது.

சோறு ஆறிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை புதுப் பட்டியல். செவ்வாய் காலை பத்து மணி, கருங்கல் பாலைக்கு அப்பாலுள்ள தீவனப்புல் வயல். வயல்வரை நிதாலும் டிரைவரும் மட்டும், காவலர்கள் அங்கே நேராக வந்து சேர்வார்கள். பாதை: தார்ச் சாலை. வேறொரு பாதையும் உண்டு. களிமண் வெளியின் குறுக்கே வண்டித்தடம் ஒன்று ஓடியது. மழை இல்லாத மாதங்களில் தட்டு மாதிரிக் கிடக்கும் வெளி, ஆளரவம் கிடையாது. அதை யாரும் அதிகம் பயன்படுத்துவதில்லை.

அவன் நிதாலின் பிரதியை எடுத்துக்கொண்டு அவர் அறை வாசலில் நின்றான். சொல்லவேண்டிய வாக்கியம் தயாராக இருந்தது. பட்டியல் என் வாயிலிருந்துதான் வெளியே போனது. அதற்கு அடுத்த வாக்கியம் வேலைநீக்கம். அதற்கடுத்தது விசாரணை, ஒருவேளை சிறை.

“என்ன அய்ஹம், நாளான்னைக்கு சீக்கிரம் போகணுமா? வகுப்பா?” நிதால் பேனாவைத் தேடினார். அவன் வகுப்புக்குச் செவ்வாய்தோறும் அரைமணி முன்னதாகப் போக அனுமதித்துக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

“ஆமா எஞ்சினியர்” என்றான் அய்ஹம்.

“உன் நாவல்ல நான் வர்றேனாமே. மீட்டர் பட்டறையில பேசிக்கிறாங்க. என் வயித்துவலிய எழுதிராத, என்ன?”

அவன் சிரித்துவிட்டு வந்தான். மீட்டர் பட்டறையில் என்றால் வஜ்தி. தன் இருக்கைக்கு வந்த பிறகுதான் வேறொரு யோசனை வந்தது. யாருக்கும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கதையை மாற்றினால் போதும். நிதால் தார்ச் சாலையில் போவார். கதையில் ஆதில் களிமண் வெளியில் போகட்டும். தன் சந்தேகம் பொய்யானால் அங்கே ஒன்றும் நடக்காது, வஜ்தியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். மெய்யானால் அங்கே யாராவது வீணாகக் காத்துக் கிடப்பார்கள். இரண்டிலும் நிதால் பத்திரம். எத்தனை முறை கூட்டினாலும் சரியாகத்தான் வந்தது.

அன்று காரில் வஜ்தி கேட்கவே இல்லை. அய்ஹமே சொன்னான்.

“கடைசி அத்தியாயம் கிடைச்சிருச்சு.”

விதை உடைபடும் சத்தம் நின்றது.

“செவ்வாக்கிழம. பத்து மணிக்கு அந்தத் தீவனப்புல் வயலுக்கு. களிமண் வெளி வழியா.”

“ஏன் அந்த வழி?”

“தார்ச் சாலையில அவரப் பார்த்துத் தகவல் சொல்ல ஆள் நிக்கிறாங்கன்னு சந்தேகம்.”

“தனியாவா?”

“டிரைவரோட. காவலர் அங்க வந்து சேருவாங்க.”

வஜ்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே வந்த எண்ணெய் லாரியின் காற்று காரை ஒருமுறை அசைத்தது. “நல்ல இடம்” என்றான் கடைசியில். “கத்தினாக்கூட யாருக்கும் கேக்காது. ரொம்ப நல்லா வந்திருக்குடா.” பிறகு மீண்டும் விதை கொறிக்க ஆரம்பித்தான்.

செவ்வாய் பகல் ஒரு மணிக்கு நிதாலின் வண்டி அலுவலக வாசலில் வந்து நின்றது. சட்டையெல்லாம் சிமென்ட் தூள். அவர் நடந்து வருவதை ஜன்னலில் பார்த்ததும் அய்ஹம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

“மூடியாச்சு” என்றார் நிதால் இயக்குநரிடம். ஆனால் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. “பம்ப் ஓடிக்கிட்டே இருந்துச்சுங்க. தண்ணி வாய்க்கால்ல போகுது, ஒரு ஆள் குந்திக்கிட்டு சிகரெட் பிடிக்கிறான். எங்களப் பார்த்ததும் பேயப் பார்த்த மாதிரி எழுந்தான். யாரும் வந்து சேர மாட்டாங்கன்னு அவ்வளவு நம்பிக்கை.”

“ஏன்?”

நிதால் தண்ணீர் குடித்தார். “களிமண் வெளித் தடத்துல ராத்திரி குழி தோண்டியிருக்காங்க. நெஞ்சளவு ஆழம். மேல மூங்கில் தட்டி, சாக்கு, அதுமேல மண்ணு. அப்பிடியே தடம் மாதிரி சக்கர அடையாளம்கூடப் போட்டு வச்சிருக்கான் பாவி. எட்டரை மணிக்கு முத்லக் விழுந்துட்டான்.”

முத்லக் என்பவர் ஆடு மேய்ப்பவர். வேலிக்கு வெளியே ஆடுகளை ஓட்டிப் போகையில் அலுவலகக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொள்வார். போகும்போது அய்ஹமைப் பார்த்து, “எழுது எழுது, எங்க ஆடும் வரட்டும்” என்பார். அன்று வண்டியில் ஆடுகளை ஏற்றிச் சந்தைக்குப் போயிருக்கிறார். வெளி வழியாகப் போனால் நேரம் மிச்சம். ஏழு ஆடுகள் செத்தன. கால் இரண்டு இடத்தில் முறிந்து, குழிக்குள் வண்டியின் இரும்புக்கு அடியில் ஒரு மணி நேரம் கிடந்து கத்தியிருக்கிறார்.

கத்தினாக்கூட யாருக்கும் கேக்காது.

அய்ஹம் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றான். கூட்டியது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. முத்லக்கை மட்டும் கூட்டவில்லை.

மூன்று மணிக்கு வஜ்தி காருக்கு முன்னே வந்து நின்றான், எப்போதும்போல. தனியாகப் போகிறேன் என்று சொன்னால் தெரிந்துவிடும் என்று அய்ஹம் கதவைத் திறந்துவிட்டான். நாட்குறிப்பு அவன் சட்டைக்குள், இடுப்புப் பட்டைக்கு உள்ளே இருந்தது. எடைமேடை போனது. விதைப் பொட்டலம் பிரிக்கப்படாமல் வஜ்தியின் மடியில் கிடந்தது.

“வழிய மாத்திட்ட” என்றான் வஜ்தி.

“கதையிலயா?”

“கதையிலதான். வேற எதுல?”

“எழுதும்போது மாறும்.”

“மாறும். ஆனா கூட உக்காந்து கேக்கிறவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்ல. மூணு மாசமா கேட்டவன் நான்.” குரலில் கோபமே இல்லை. கடையில் மீதி சில்லறை குறைந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னான். “இந்தக் கதை வேற யாருக்குத் தெரியும்?”

“வகுப்புல எல்லாருக்கும். பதினாலு பேரு. ருலாவுக்கும்.”

“வாசிச்சுக் காட்டினியா?”

“ம்.”

“நீ வாசிக்க மாட்ட. வெக்கப்படுவ. நீயே எத்தன தடவ சொல்லியிருக்க.” வஜ்தி திரும்பி அவனைப் பார்த்தான். “நோட்டு எங்க?”

“வீட்டுல.”

ஹல்லாபாத் திருப்பம் வந்தது. சூரியன் கண்ணாடியில் முழுதாக வந்து நின்றது. முன்னால் போகும் லாரியின் பின்பலகை தவிர அய்ஹமுக்கு எதுவும் தெரியவில்லை. ஸ்டியரிங்கை இரு கையாலும் பிடித்தான். பக்கத்தில் இருப்பவன் ஒரு கையை நீட்டி அதைத் திருப்பினால் போதும் என்று நினைத்தான். அப்படியொரு காட்சியை அவனே ஐந்தாம் அத்தியாயத்துக்கு யோசித்து, நம்பும்படி இல்லை என்று அடித்திருந்தான்.

வஜ்தி தன் தெருமுனையில் இறங்கினான். கதவைச் சாத்தாமல் குனிந்தான்.

“அவனுக்குத் தெரிஞ்சிருச்சுன்னு வச்சுக்க. உன் நாவல்ல கதை சொல்றவனுக்கு. அப்புறம் அவன் என்ன பண்ணுவான்?”

“இன்னும் யோசிக்கல.”

“யோசி. அவனுக்கு வேலை இருக்கு, வீட்டுல அம்மா இருக்கா. பட்டியல் எழுதினது அவன் கைதான். அதெல்லாம் சேர்த்து யோசி.” முதுகில் தட்டுவதுபோல இருக்கையைத் தட்டினான். “நாளைக்குக் காலையில ஆறு பத்து, இதே இடம். நோட்ட எடுத்துட்டு வா. முடிவ நான் சொல்றேன்.”

அய்ஹம் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கலாசார நிலையத்துக்குப் போனான். வகுப்பு தொடங்கி, யாரோ தங்கள் காதல் கதையை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவன் நடைகூடத்துக்கு வந்து நிதாலைத் தொலைபேசியில் அழைத்தான்.

“என்னப்பா, அத்தியாயம் முடிஞ்சுதா?” பின்னால் ஆஸ்பத்திரி அறிவிப்புச் சத்தம். முத்லக்கோடு இருந்தார்.

“எஞ்சினியர், நாளைக்குக் காலையில நான் வர்ற வரைக்கும் வீட்ட விட்டுக் கிளம்பாதீங்க. வண்டிய எடுக்காதீங்க.”

“ஏன்?”

“ஒரு நோட்டக் காட்டணும்.”

அறிவிப்பு யாரையோ மூன்றாவது மாடிக்கு அழைத்தது.

“டீ சம்பந்தமா?” என்றார் நிதால்.

“ஆமா. என்னாலதான்.”

“வா” என்றார். அவ்வளவுதான். அந்த ஒற்றைச் சொல்லில் கோபம் எவ்வளவு என்று அய்ஹமால் அளக்க முடியவில்லை.

பேனா காரில் இருந்தது. எடுக்கக் கீழே வந்தான். காரின் இடப்பக்கக் கதவுப் பூட்டு ஒரு வருடமாகக் கெட்டுப்போயிருந்தது, உலுக்கினால் திறக்கும். வஜ்திக்குத் தெரியும். முன் இருக்கை கடைசிவரை பின்னால் தள்ளப்பட்டிருந்தது. கால்மிதி தூக்கிப் போடப்பட்டிருந்தது. முன்பலகைப் பெட்டியிலிருந்த தாள்கள் எல்லாம் வெளியே எடுத்து, திரும்ப ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. ஓட்டுநர் இருக்கையின் நடுவில் ஒரு பிடி சூரியகாந்தித் தோல். எச்சில் இன்னும் காயவில்லை.

அவன் சுற்றிப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு மேலே ஏறி, விளக்கும் பதினான்கு பேரும் இருந்த அறைக்குள் போய், சுவரோரம் உட்கார்ந்து நோட்டைத் திறந்தான்.

நவம்பர் 12, செவ்வாய்.

இன்றைய தவறு: ஞாயிறன்று வாசலில் நின்றபோது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் கதையை மாற்றினேன். 4ஆம் தேதிக் குறிப்பில் சிறிய தவறு என்று எழுதியிருக்கிறேன். அதில் ‘சிறிய’ என்ற சொல்லை அடித்துவிட்டேன்.

நாளைய வேலை: இன்றிரவு அம்மாவோடு மாமா வீட்டில் தங்கி, அங்கிருந்து ஐந்து மணிக்குக் கிளம்புவது. வஜ்தியின் தெருமுனையில் நிறுத்தாமல் போவது. ஆறரைக்குள் நிதால் வீட்டு வாசலில் இருப்பது. நோட்டையும் கட்டம் போட்ட தாளையும் அவர் கையில் கொடுப்பது. முதலில் முத்லக்கின் பெயரைச் சொல்வது, பிறகு என் பெயரை, அதன் பிறகு வஜ்தியின் பெயரை.